அட்டைக் கத்தியும் அசல் தோட்டாவும்

(இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன்)



போன வருஷம் நம்ம ஆண்டு விழா நாடகம் ஞாபகம் இருக்கிறதா? எல்லையில் நிற்கும் இரண்டு சிப்பாய்களின் கதை. கடைசி சீனில் கைதட்டல் நிற்கவே இல்லை. ஆனால் அந்தக் கைதட்டலுக்கு நான்கு நாள் முன்னால் நாங்கள் நாலு பேர் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியாது.

நாடகத்துக்கு இரண்டு துப்பாக்கி வேண்டும். வாடகைக்கு எடுக்கக் காசில்லை. நாமதான் டிப்ளமோ படிக்கிறோமே, செய்தால் என்ன? பிவிசி பைப், பழைய பெஞ்சுப் பலகை, சைக்கிள் கடையில் பொறுக்கிய இரும்புத் துண்டு, ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட். இரண்டு சாயங்காலத்தில் முடித்துவிட்டோம். ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரே எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபினிஷிங் பிரமாதம்டா" என்றார். அவர் அப்படிச் சொல்வது வருஷத்துக்கு ஒரு முறைதான்!

அந்தச் சந்தோஷத்தில் அதைத் தினத்தந்தியில் சுற்றி எடுத்துக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினோம். வழியில் பேப்பர் கிழிந்தது. குழல் எட்டிப் பார்த்தது. எதிர் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா முகம் வெளுத்து எழுந்துபோனார். அடுத்த ஸ்டேஷனில் போலீஸ்! ஐடி கார்டு, வீட்டு அட்ரஸ், பிரின்சிபாலுக்கு போன்... இரண்டரை மணி நேரம் போனது. கடைசியில் வயதான ஒரு போலீஸ்காரர் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"தம்பி, கையில எடுத்தா எனக்கே தெரியுது இது பைப்புன்னு. பத்தடி தள்ளி உக்காந்திருக்கிற அந்தம்மாவுக்கு எப்படிப்பா தெரியும்? பொய்யின்னு எழுதியா ஒட்டியிருக்கு?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. சினிமாவில் நாம் பார்க்கும் துப்பாக்கி, டாங்கி, ராக்கெட் எல்லாம் எப்படிச் செய்யப்படுகின்றன? எது பொய், எது மெய்? இரண்டும் கலந்தால் என்ன ஆகும்? தேடித் தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கூத்துக் களத்தில் இருந்தே...

சண்டைக்குப் பொய்ப் பொருள் செய்வதை நாம் ஹாலிவுட்டில் கற்றுக்கொள்ளவில்லை. நம் வட மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? பாரதக் கூத்து முடிகிற நாளில் படுகளம் நடக்கும். களிமண்ணால் செய்த துரியோதனன் உருவம் ராட்சச அளவில் தரையில் மல்லாந்து கிடக்கும். பீமன் வேஷக்காரர் கதையால் தொடையில் ஓங்கி அடிப்பார். உள்ளே மறைத்து வைத்த செந்நீர் ரத்தமாக வெளிவரும்! இன்று ஆக்‌ஷன் படத்தில் சட்டைக்குள் சிவப்புப் பையை வைத்து வெடிக்கவிடுகிறார்களே, அதே ஐடியா. நம் ஊர்க் கலைஞர்கள் அதைச் சட்டிக்குள் வைத்தார்கள், அவ்வளவுதான்.

கூத்தில் கட்டும் கிரீடம், புஜம் எல்லாம் லேசான மரத்தில் செதுக்கியவை. ராத்திரி முழுக்க ஆட வேண்டும் அல்லவா? பார்வைக்குப் பாரம், உடம்புக்கு லேசு. நிஜம் போல் தெரிய வேண்டும், நிஜத்தின் ஆபத்து இருக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். 'அட்டைக் கத்தி' என்று நாம் கிண்டலாகச் சொல்கிறோம். நம்ம ஆவடிப் பக்கத்துக் கார்லப்பாக்கத்தில் பிறந்த பா. ரஞ்சித் 2012-ல் தன் முதல் படத்துக்கே அந்தப் பெயரை வைத்தார். ஆனால் அட்டைக் கத்தி செய்வது அட்டை வேலை இல்லை!

ஒரு துப்பாக்கி, மூன்று பிறவி

படத்தில் ஹீரோ கையில் ஒரே துப்பாக்கி இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அதே உருவத்தில் இரண்டு மூன்று வகை இருக்கும்.

முதல் வகை, குளோசப்புக்கு. கேமரா ஓர் அடி தூரத்தில் வரும். ட்ரிகர் அசைய வேண்டும், மேகசின் கழன்று மாட்ட வேண்டும், உலோகச் சத்தம் வர வேண்டும். இது அலுமினியத்திலோ எஃகிலோ இருக்கும். சில இடங்களில், குண்டு போக முடியாதபடி மாற்றிய நிஜத் துப்பாக்கியாகவே இருக்கும்.

இரண்டாவது, சண்டைக்கு. ஹீரோ அடியாளின் தலையில் துப்பாக்கிக் கட்டையால் அடிப்பார், மாடியிலிருந்து குதிப்பார், ஜீப்பிலிருந்து உருளுவார். அப்போது கையில் இருப்பது ரப்பர். நடுவில் வளையாமல் இருக்க ஒரு கம்பி ஓடும். நிஜத் துப்பாக்கியோடு உருண்டால் விலா எலும்பு போய்விடும்.

மூன்றாவது, கூட்டத்துக்கு. பின்னால் நூறு சிப்பாய்கள் ஓடுகிறார்கள் என்றால் அவர்கள் கையில் இருப்பது ஃபைபர் வார்ப்பு. ட்ரிகர் அசையாது, ஒன்றும் கழலாது, வெறும் உருவம்தான்.

வார்ப்பது எப்படி? நம் பவுண்டரி லேப் பாடம்தான். முதலில் ஒரு மூல உருவம். அதைச் சுற்றி சிலிகான் ரப்பரை ஊற்றி இரண்டு பாதியாக அச்சு எடுக்க வேண்டும். மணல் அச்சில் கோப், டிராக் என்று படித்தோமே, அதே கணக்கு. அச்சுக்குள் ரெசினும் ஹார்டனரும் கலந்து ஊற்றினால் கெட்டியாகி வெளிவரும். ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்க்க வேண்டும். பார்ட்டிங் லைன் தெரிந்தால் குளோசப்பில் மானம் போய்விடும். கறுப்புப் பெயிண்ட் காய்ந்ததும் மேலே பென்சில் கரித்தூளை, அதாவது கிராஃபைட்டை, துணியால் தேய்த்தால் இரும்பின் மினுமினுப்பு வந்துவிடும். கை படுகிற இடத்தில் மட்டும் பெயிண்டைக் கொஞ்சம் தேய்த்து எடுத்தால் பத்து வருஷம் பழகிய துப்பாக்கி ரெடி!

இதில் கஷ்டமான விஷயம் எடை. நிஜ ராணுவத் துப்பாக்கி சுமார் நான்கு கிலோ. நடிகர் ஃபைபர் துப்பாக்கியை விசிறி மாதிரி வீசினால் தியேட்டரில் விசில் வராது, சிரிப்புதான் வரும். காலி சிலிண்டரையும் நிறைந்த சிலிண்டரையும் தூக்குகிறவன் தோளைப் பார்த்தே வித்தியாசம் சொல்லிவிடலாம் இல்லையா? அதே கதைதான்.

இன்னொரு வேடிக்கை. 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் லேசர் துப்பாக்கியோடு வருவார்களே, அது என்ன தெரியுமா? பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் சப்மெஷின் கன் மேல் சில பாகங்களை ஒட்டியது. அதே ஸ்டெர்லிங்கைத்தான் நம் நாட்டில் கான்பூர் தொழிற்சாலை 'கார்பைன் 1ஏ' என்ற பெயரில் செய்தது. நம் போலீஸ்காரர்களின் தோளில் தொங்கிய அந்தச் சின்னத் துப்பாக்கியும் விண்வெளிப் படத்துத் துப்பாக்கியும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி! அசல் வடிவத்தில் இரண்டு பாகம் ஒட்டினால் கற்பனை. கற்பனை நிற்பதோ அசலின் மேல்.

வெடிக்கிற பொய்

இதுவரை சொன்னது எல்லாம் வெடிக்காத பொய். இனி வெடிக்கிற பொய்.

நிஜத் தோட்டாவில் நான்கு பாகம்: பித்தளைக் கூடு, அடியில் தட்டினால் பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சினிமாவில் சுடும் 'பிளாங்க்' தோட்டாவில் குண்டு மட்டும் இருக்காது. கூட்டின் வாயை மடித்து மூடியிருப்பார்கள். மற்ற மூன்றும் நிஜம்! மருந்து நிஜம், பொறி நிஜம், அனல் நிஜம். இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

பிளாங்க் போட்டால் தானியங்கித் துப்பாக்கி அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றாது. ஏன்? குண்டு குழலை அடைத்துக்கொண்டு போவதால்தான் உள்ளே அழுத்தம் ஏறி இயந்திரத்தைப் பின்னால் தள்ளுகிறது. குண்டே இல்லையென்றால் காற்று சுலபமாக ஓடிவிடும். பிரஷர் குக்கரில் வெயிட் போடாமல் வைத்தால் ஆவி சும்மா போகுமே, அப்படி. அதனால் குழலுக்குள் சின்ன ஓட்டையுள்ள ஓர் அடைப்பானை மாட்டுகிறார்கள். வெயிட் போட்ட குக்கர் மாதிரி அழுத்தம் ஏறும், துப்பாக்கி தடதடக்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு தொல்லை. ஃபிலிம் கேமராவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு பிரேமிலும் ஷட்டர் பாதி நேரம் திறந்திருக்கும், பாதி நேரம் மூடியிருக்கும். அதாவது 48-ல் ஒரு பங்கு நொடி திறப்பு. துப்பாக்கி வாய் நெருப்போ ஆயிரத்தில் சில பங்கு நொடிதான். ஷட்டர் மூடிய நேரத்தில் நெருப்பு வந்தால் படத்தில் அது பதியாது! ஹீரோ சுட்டார், சத்தம் வந்தது, நெருப்பு இல்லை. மறுபடியும் டேக். இன்று பல படங்களில் நெருப்பைக் கம்ப்யூட்டரில் வரைந்துவிடுகிறார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

2019-ல் வந்த 'கைதி' கிளைமாக்ஸில் கார்த்தி சுழல் குழல் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தியேட்டரே எழுந்து நின்றதே! அந்த வகை நிஜ எம்-134 துப்பாக்கியில் ஆறு குழல்கள், சுழற்றுவது மின் மோட்டார். நிமிஷத்துக்கு 6,000 தோட்டா வரை, அதாவது நொடிக்கு நூறு! மனிதன் கையில் பிடித்துச் சுடும் பொருளே அல்ல அது. 1987-ல் 'பிரிடேட்டர்' படத்துக்காக அதைக் கையில் பிடிக்கிற மாதிரி மாற்றினார்கள். வேகத்தை நிமிஷத்துக்கு சுமார் 1,250 ஆகக் குறைத்தார்கள், குழல் சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று. மோட்டாருக்குக் கரண்ட்? நடிகரின் பேன்ட்டுக்குள் ஒயரை விட்டு மறைத்தார்கள். வீரம் பாதி, ஒயரிங் பாதி!

டாங்கிக்கு எத்தனை சக்கரம்?

இப்போது வண்டிகளுக்கு வருவோம். திருவள்ளூர் லைனில் தினமும் ஆவடியைத் தாண்டுகிற நமக்கு டாங்கி புதிது இல்லை. அங்கேயுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் 1960களின் நடுவில் விஜயந்தா டாங்கி உருவானது. பிறகு அஜேயா என்கிற டி-72, பீஷ்மா என்கிற டி-90, நம் நாட்டிலேயே வடிவமைத்த அர்ஜுன். 2021-ல் பாதுகாப்புத் தொழிற்சாலைகளைப் பிரித்தபோது, கவச வாகனங்களுக்கான கம்பெனியின் தலைமையிடமே ஆவடிதான். அதாவது நம் பக்கத்து ஊர் அசலைச் செய்கிறது. கோடம்பாக்கம் நகலைச் செய்கிறது. நடுவில் நாம்!

சினிமாவில் டாங்கி நிஜமா என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: சக்கரத்தை எண்ணுங்கள். டி-72-க்குப் பக்கத்துக்கு ஆறு, அர்ஜுனுக்கு ஏழு. 1998-ல் ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் ஜெர்மன் டைகர் டாங்கி வரும். அசல் டைகரில் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் நெருக்கமாக இருக்கும். படத்தில் ஐந்து பெரிய சக்கரங்கள் இடைவெளி விட்டு நிற்கும். காரணம், அது ரஷ்ய டி-34 டாங்கி! மேலே டைகர் மாதிரி தகடு போர்த்திவிட்டார்கள். 1970-ல் 'கெல்லிஸ் ஹீரோஸ்' படத்திலும் இதே வேலைதான். ஓடுகிற அசல் டைகர் என்று உலகத்தில் இருப்பது இங்கிலாந்து போவிங்டன் மியூசியத்தில் உள்ள 131 என்ற எண் கொண்டது. 1943-ல் துனீசியாவில் பிடிபட்டது. 2014-ல் 'ஃப்யூரி' படத்துக்காக அந்த முதியவரையே ஓடவிட்டார்கள்.

டாங்கியே கிடைக்காவிட்டால்? 1989 'இண்டியானா ஜோன்ஸ்' படத்தில் பாலைவனத்தில் ஓடும் அந்தப் பிரம்மாண்ட டாங்கிக்கு அடியில் இருந்தது மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர். நம்ம ஊரில்? 'பாகுபலி'யில் பல்வாள்தேவன் சுழலும் கத்தியோடு ஓட்டி வரும் தேர் ஞாபகம் இருக்கிறதா? கலை இயக்குநர் சாபு சிரில் அதற்குள் வைத்தது ராயல் என்ஃபீல்டு என்ஜின்! திருவொற்றியூரில் பிறந்த புல்லட்டின் குடும்பம் மகிழ்மதிக்குப் போய்ப் போர் செய்தது என்றால் நமக்குப் பெருமைதானே.

சரி, நாமே ஒரு டம்மி டாங்கி செய்வதாக வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் நோட்டை எடுங்கள். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் உள்ள பெட்டி. அடிப்பக்கம் வேண்டாம். மேலே 18 சதுர மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 18, முன்னும் பின்னும் 9. மொத்தம் 45 சதுர மீட்டர்.

3 மில்லிமீட்டர் எம்.எஸ். ஷீட் போட்டால் சதுர மீட்டருக்கு 23.55 கிலோ. மொத்தம் சுமார் 1,060 கிலோ. அதே கனத்தில் ஃபைபர் என்றால் சதுர மீட்டருக்கு நாலரைக் கிலோ, மொத்தம் 200 கிலோ சொச்சம். 6 மில்லிமீட்டர் பிளைவுட் என்றால் இன்னும் குறைவு, 160 கிலோ பக்கம். இது வெறும் தோல்தான். உள்ளே ஆங்கிள் பிரேம், மேலே சுற்றுகிற கோபுரம், அதன்மேல் நிற்கப் போகிற ஹீரோ, கூடவே டான்ஸ் ஆடும் பத்து பேர் எல்லாம் தனிக் கணக்கு! பழைய ஜீப் சேசிஸ் மேல் இரும்புத் தகட்டை ஏற்றினால் ஸ்பிரிங் படுத்துவிடும். ஃபைபரோ பிளைவுட்டோ இல்லாமல் வழியில்லை என்பது இப்போது புரிகிறதா?

எடை தீர்ந்தாலும் பிரச்சினை தீராது. ரேடியேட்டரை நாலு பக்கமும் மூடிவிட்டால் பத்தாவது நிமிஷம் என்ஜின் கொதிக்கும். கோபுரம் உயர்ந்தால் பாரமையம் மேலே ஏறும், வளைவில் கவிழும். எல்லாவற்றையும்விட முக்கியம் டிரைவர். பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே தெரிவது ஒரு பிளவு மட்டுமே. சுற்றிலும் துணை நடிகர்கள் விழுந்து எழுந்து ஓடுகிறார்கள். யார் எங்கே விழுந்து கிடக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டம்மி டாங்கியின் குண்டு பொய். அதன் சக்கரம் நிஜம்.

பொய் டாங்கி நிஜப் போரிலும் வேலை செய்திருக்கிறது. 1944-ல் அமெரிக்கா சுமார் 1,100 பேர் கொண்ட ஒரு ரகசியப் படையை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஓவியர்கள், சவுண்ட் என்ஜினியர்கள் இருந்த படை! ரப்பர் டாங்கிகளில் காற்றடித்து நிறுத்துவார்கள், ஸ்பீக்கரில் டாங்கி ஓடும் சத்தத்தைப் போடுவார்கள். எதிரி பெரும்படை வந்துவிட்டதாக நம்ப வேண்டும். அங்கேயும் அதே கேள்விதான்: தூரத்தில் இருப்பவனுக்கு எது பொய் என்று எப்படித் தெரியும்?

அக்னிபுத்ராவும் அக்னியும்

நம் தமிழ் சினிமாவும் ராணுவத்தை விடவில்லை. 1962 சீன யுத்தம் முடிந்த அடுத்த வருஷமே சிவாஜியும் சாவித்திரியும் நடித்த 'இரத்தத் திலகம்' வந்துவிட்டது. 1986-ல் கமல் நடித்த 'விக்ரம்' படத்தில் 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணையைக் கடத்துவார்கள். எழுத்து சுஜாதா. அவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினியர் என்பது நமக்கெல்லாம் தெரியும். படம் வந்து மூன்று வருஷம் கழித்து, 1989 மே 22-ஆம் தேதி, நம் நாட்டின் நிஜ 'அக்னி' முதல் முறையாகப் பாய்ந்தது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். சினிமாவின் பொய் ராக்கெட் முந்திக்கொண்டது. நிஜம் பின்னாலேயே வந்து சேர்ந்தது! பொய்யைப் பார்த்து ஆசைப்பட்டவன் ஒருநாள் மெய்யைச் செய்வான் என்று இதை நான் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பொய் கொன்ற கதைகள்

இனிமேல் சிரிக்க முடியாது, நண்பர்களே.

1984 அக்டோபர். அமெரிக்க டி.வி. தொடர் ஒன்றின் படப்பிடிப்பு. ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற 26 வயது நடிகர், ஷாட்டுக்காகக் காத்திருந்த அலுப்பில் விளையாட்டாகத் துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டார். உள்ளே இருந்தது பிளாங்க். குண்டு இல்லை. ஆனால் அந்த வெடிப்பின் அழுத்தமே மண்டை ஓட்டை உடைத்தது. ஆறு நாளில் இறந்துபோனார். மருந்து நிஜம் என்று சொன்னேனே, இதுதான்.

1993 மார்ச். நாம் எல்லோரும் போஸ்டர் ஒட்டி வைத்திருக்கும் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, 'தி குரோ' படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஒரு குளோசப்புக்கு, குண்டோடு இருக்கிற ஆனால் வெடிக்காத டம்மித் தோட்டா தேவைப்பட்டது. நிஜத் தோட்டாவைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு மறுபடி குண்டைச் செருகினார்கள். பிரைமரை எடுக்கவில்லை! ட்ரிகரை இழுத்தபோது அந்தச் சின்னப் பொறி குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளிவிட்டு நின்றுவிட்டது. குழலுக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் பிளாங்க் போட்டுச் சுட்டார்கள். முன்னே குண்டு, பின்னே மருந்து. பாதித் தோட்டாவும் பாதித் தோட்டாவும் சேர்ந்து முழுத் தோட்டாவாகிவிட்டது. பிராண்டன் லீக்கு வயது 28.

இவ்வளவு நடந்தும் பாடம் படித்தார்களா? 2021 அக்டோபர் 21, நியூ மெக்ஸிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பு. துப்பாக்கியைக் கையில் கொடுத்தவர் "கோல்டு கன்" என்று குரல் கொடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இருந்தது நிஜத் தோட்டா. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். டைரக்டருக்கும் காயம். ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024-ல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

டம்மித் தோட்டாவைத் தெரிந்துகொள்ள வழி இல்லையா? இருக்கிறது. கூட்டில் ஓட்டை போட்டிருப்பார்கள். அல்லது உள்ளே சின்ன உருண்டை போட்டிருப்பார்கள், காதருகே ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும். ஐந்து நொடி வேலை. அந்த ஐந்து நொடிக்கு விலை ஓர் உயிர்.

துப்பாக்கி மட்டும்தான் கொல்லும் என்றும் இல்லை. 2020 பிப்ரவரி 19 ராத்திரி பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். செட் பொய், கதை பொய். கிரேனும் பாரமும் நிஜம்.

மூன்று துப்பாக்கி மரணங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றிலும் யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. நிஜத்தை நிஜம் என்று தெரிந்து கையாண்டிருந்தால் ஜாக்கிரதையாக இருந்திருப்பார்கள். பொய்யை முழுப் பொய்யாகவே செய்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பொய்யென்று நம்பியதற்குள் கொஞ்சம் நிஜம் ஒளிந்திருந்ததுதான் வினை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் நிஜத் துப்பாக்கிக்கு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். சினிமாக்காரர் என்றாலும் விலக்கு கிடையாது. யூனிபார்முக்கும் கணக்கு உண்டு. சிப்பாய் அல்லாதவர், தன்னைச் சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு ராணுவ உடை போட்டால் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 140-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 168-வது பிரிவு. மூன்று மாதம் வரை ஜெயில். மேடையில் நடிப்பவருக்கு அந்த 'எண்ணம்' இல்லை, அதனால் தப்பில்லை. மேடையை விட்டு இறங்கி அதே உடையில் டீக்கடையில் போய் அதட்டினால் நிலைமை வேறு!

அமெரிக்காவில் 1988-ல் போட்ட சட்டப்படி பொம்மைத் துப்பாக்கியின் வாயில் ஆரஞ்சு நிறம் இருந்தாக வேண்டும். அந்தப் போலீஸ்காரர் கேட்டாரே, "பொய்யின்னு எழுதியா ஒட்டியிருக்கு?" என்று. ஆம், அங்கே ஒட்டச் சொல்லிவிட்டார்கள்!

நமக்கு இதில் என்ன?

போன லீவில் காக்களூரில் ஒரு யூனிட்டில் இன்பிளாண்ட் ட்ரெய்னிங் போயிருந்தேன். அங்கே ஒரு வயதான எலெக்ட்ரீஷியன் அண்ணன். மெஷினில் கை வைப்பதற்கு முன்னால் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "மெயின் ஆஃப் பண்ணியாச்சுண்ணே" என்று நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீ ஆஃப் பண்ணினது உனக்குத் தெரியும். எனக்கு என் பையில இருக்கிறதுதாம்ப்பா தெரியும்" என்றார்.

'ரஸ்ட்' செட்டில் அந்த அண்ணன் மாதிரி ஒருவர் இருந்திருந்தால்? "கோல்டு கன்" என்ற குரலை நம்பாமல், தானே திறந்து, தானே ஆட்டிப் பார்த்திருப்பார். "ஆஃப்ல இருக்கு" என்று யாரோ சொன்னதை நம்பிப் பிரஸ் மெஷினில் கை விட்டு விரலை இழந்தவர்கள் நம் ஏரியாவில் இல்லையா? சினிமா செட்டும் ஷாப் ஃப்ளோரும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். அடுத்தவன் வாய்ச்சொல் இன்ஸ்பெக்‌ஷன் ஆகாது.

நண்பர்களே, நம்மில் யாராவது நாளைக்கு ஆவடியில் அசல் டாங்கிக்கு வெல்டிங் அடிக்கலாம். யாராவது கோடம்பாக்கத்தில் டம்மி டாங்கிக்கு ஃபைபர் ஒட்டலாம். இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரே ஸ்கேல், ஒரே வெர்னியர், ஒரே பொறுப்பு. பொய்ப் பொருள்தானே என்று பொய்யாக வேலை செய்யாதீர்கள். பொய்ப் பொருளுக்குத்தான் மெய்யான வேலை வேண்டும்.

இந்த வருஷ நாடகத்துக்கும் துப்பாக்கி செய்தாகிவிட்டது. போன வருஷத்தைவிட நன்றாகவே வந்திருக்கிறது. இன்ஸ்ட்ரக்டர் மறுபடியும் "பிரமாதம்டா" என்றார். வருஷத்துக்கு ஒரு முறை என்றேனே! ஆனால் இந்த முறை குழல் வாயில் ஆரஞ்சுப் பெயிண்ட். திரை ஏறும் முன்னால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டுவோம், திரை இறங்கியதும் பிரித்துவிடுவோம். கட்டையில் பெரிய எழுத்தில் 'நாடகப் பொருள்' என்று எழுதியிருக்கிறோம். கொண்டுபோவது பூட்டிய பெட்டியில், காலேஜ் லெட்டரோடு.

அந்த அம்மா இனிமேல் நம் எதிர் சீட்டில் பயப்படாமல் உட்காரலாம்.